எட்டாவது கதிரை

ஒரு மனிதன் விழுகிற விதத்தைப் பார்த்தே அவனை எடுக்கலாமா விடலாமா என்று ஒரு காலத்தில் என்னால் சொல்ல முடிந்தது. முன்னுக்கு விழுகிறவனை எடுக்கலாம். பின்னுக்கு விழுகிறவனை விட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் விழுகிறவனை இன்னும் இரண்டு கிழமை பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். ரன்னிங் பேக் என்பார்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்கு ஓட்டக்காரர் என்று பெயர்.

எண்பதுகளின் நடுவில் கலியாணம் கட்டிக்கொண்டு ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள். என் கணவர் ஊரில் கணித ஆசிரியர். இங்கே பெற்றோல் அடிக்கிற செட்டில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வருவதற்கு முதல், பெடியன்களோடு ஒரு வீட்டில் கூடியிருந்த காலத்தில், ஞாயிறு பின்னேரங்களில் தொலைக்காட்சியில் காட்டும் இந்த விளையாட்டில் அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. நான் வந்த நேரம் பார்த்து அவருக்கு ஞாயிறு பின்னேர ஷிப்ட்டைப் போட்டுவிட்டார்கள். வீடியோ வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை.

"இஞ்சேரும், எனக்காக ஒருக்கா இதைப் பாத்து வையும்," என்றார். "நான் வந்தாப் பிறகு ஆர் ஆர் ஓடினது, எப்பிடி ஓடினது எண்டு சொன்னாக் காணும்."

முதல் ஞாயிறு எனக்கு விசரே பிடித்துவிட்டது. பெரிய தொப்பி போட்ட தடியன்கள் ஓடிவந்து மோதுகிறார்கள். விசில் அடிக்கிறது. எழும்பிப் போய் வரிசையில் நிற்கிறார்கள். பிறகும் மோதுகிறார்கள். சொல்கிறவனின் இங்கிலீசு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இதென்னடா கோதாரி என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு, புருசன் கேட்டதற்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கால்களை மட்டும் பார்த்தேன்.

கால்கள் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இருநூறு மீற்றர் ஓடினவள் நான். இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி ஒன்றில் தொடைத் தசை கிழிந்துபோனதை ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்துக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்குப் போய் நின்றிருக்கிறேன். மறைக்கிற கால் எப்படி நடக்கும், பயந்த கால் எப்படித் தரையைத் தொடும் என்பதெல்லாம் என் உடம்புக்கே தெரியும். மூன்றாவது ஞாயிறு வரும்போது, சத்தத்தைக் குறைத்து வைத்தபடியே நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

அவர் வேலையால் வந்து புட்டுக் கோப்பையோடு இருப்பார். நான் மேசைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் இடையிலே ஓடிக் காட்டுவேன். வழி அடைபட்டால் ஒருவன் என்ன செய்தான், எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை எந்தக் கைக்கு மாற்றினான், தனக்குப் பந்து கிடைக்காத நேரத்தில் சும்மா நின்றானா, இல்லை மற்றவனுக்காக ஒருத்தனைப் போய் மறித்தானா. "மறிக்கத் தெரிஞ்சவனை வெளிய எடுக்கமாட்டாங்கள், அவனுக்குத்தான் பந்து திரும்பத் திரும்ப வரும்," என்று ஒரு நாள் சொன்னேன். அவர் வாயில் வைத்த புட்டை மெல்லாமல் என்னைப் பார்த்தார். "எடி, உமக்கு இது எப்பிடித் தெரியும்?" என்றார். உண்மையைச் சொன்னால், லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோசம் அந்தக் கேள்விதான்.

அவர்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் நானே பெயர் வைத்தேன். எல்லாரையும் இடித்துக்கொண்டு போகிற பெரியவன் கோயில் மாடு. இடிபடாமல், உடுப்புக் கசங்காமல் கோட்டுக்கு வெளியே நைசாகப் போகிறவன் சீமான். மழையோ பனியோ, கேட்ட அளவு தூரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் தபால்காரன். என் கணவரும் அந்தப் பெயர்களாலேயே கதைக்கத் தொடங்கினார். பிறகு அவருடைய கூட்டாளிகளும் தொடங்கினார்கள். பெயர் வைத்தது தான்தான் என்று அவர் அங்கே சொல்லியிருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

கூட்டாளிகள் என்றால், மூன்று ஸ்டேஷன் தள்ளிக் குட்மேய்ஸில் நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவரின் வீட்டில் கூடுகிறவர்கள். அண்ணைக்கு சொந்தத்தில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது, பெரிய முன்கூடம், நாங்கள் ஹோல் என்போம், வைத்த வீடு இருந்தது, எல்லாரையும் சேர்த்துச் சாப்பாடு போடுகிற மனமும் இருந்தது. அவருடைய மைத்துனர் அமெரிக்காவில் இருந்து வந்து நின்றபோது இவர்களுக்கு ஒரு விளையாட்டைப் பழக்கிவிட்டுப் போனார். எட்டுப் பேர் வட்டமாக இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி, முறைப்படி ஆளுக்கொரு ஆட்டக்காரனைத் தனக்கென்று எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தவனை மற்றவர் எடுக்க ஏலாது. பிறகு அந்தப் பருவம் முழுக்க உன்னுடைய ஆட்கள் அமெரிக்காவில் உண்மையாக ஓடுகிற தூரத்துக்கு இங்கே உனக்குப் புள்ளி. பந்து எறிகிறவர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். நல்ல ஓட்டக்காரர்கள் கொஞ்சப் பேர்தான், அவர்களிலும் பாதிப் பேருக்கு முழங்கால் நம்ப ஏலாது. ஆகையால் ஓட்டக்காரனைச் சரியாக எடுக்கிறவன் வெல்வான். டிராஃப்ட் என்று அவர்கள் சொன்னதை நாங்கள் பெண்கள் ஆள் எடுப்பு என்போம். ஓகஸ்ட் கடைசியில் பாங்க் ஹொலிடே திங்கள்கிழமை நடக்கும். ஆம்பிளைகள் ஹோலில். பெண்கள் அடுப்படியில், குசினியில்.

குசினி என்றால் அங்கே அண்ணையின் மனைவியும் நானும். அக்கா என்று கூப்பிடுவேன். நல்ல மனுசி, வாய்தான் கொஞ்சம் நீளம். இரண்டு பேருமாக ரோல்ஸ் சுற்றிப் பாண்தூளில் பிரட்டிப் பொரிப்போம். என் கணவரின் முறை வரும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும். "தண்ணி ஒருக்கா," என்று குசினிக்குள் வருவார். நான் பைப்பைத் திறந்துவிட்டு, கிளாசை நீட்டுகிற சாட்டில் பெயரைச் சொல்வேன். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டுப் போய் அதை ஹோலில் சொல்வார். இதுதான் எங்கள் ஏற்பாடு. ஏன் தெரியுமா? எனக்கு அது ஒரு கூத்தாக இருந்தது. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து ஒரு கள்ளத்தனம் செய்கிற சுகம்.

இரண்டாவது வருசம் சீட்டில், எல்லாருக்கும் முன்னால் எடுக்கிற முதல் முறை இவருக்கு விழுந்தது. முதல் முறை கிடைத்தவன் கோயில் மாட்டை எடுப்பான், வெல்வான், அவ்வளவுதான் கதை என்று எல்லாரும் இருந்தார்கள். இவர் தண்ணிக்கு வந்தார்.

"மாட்டை எடுக்காதேங்கோ," என்றேன்.

"விசரே உமக்கு?"

"அவன் விழுந்து எழும்பேக்க எப்பவும் இடப் பக்கத்தாலதான் ஊண்டி எழும்புறான். வலது முழங்கால் சரியில்லை. மறைக்கிறான். தபால்காரனை எடுங்கோ."

அவருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் போய்ச் சொன்னார். ஹோலில் எழும்பின சிரிப்பில் குசினி அலுமாரிக் கோப்பைகள் ஆடின. "மாஸ்ரருக்கு மூளை பிசகிப் போச்சுது!" என்று ஒருத்தர் கத்தினார். இலையுதிர்காலம் தொடங்கவே கோயில் மாடு நொண்டிக்கொண்டு வெளியே போய் இருந்துவிட்டான். தபால்காரன் தை மாதம் வரைக்கும் ஒரு கிழமையும் தவறாமல் ஓடினான். என் கணவர் எல்லாரையும் வென்றார். அன்றைக்குத் தொட்டு குட்மேய்ஸில் அவருக்குப் பெயர் புரொபெசர்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெயர் அவருக்கு நன்றாகவே பொருந்தியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "முன்னுக்கு விழுறவனை எடுக்கலாம் கண்டியளோ, பின்னுக்கு விழுறவனை விட்டிட வேணும்," என்று அவர் விளக்கம் சொல்லும்போது நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றிருக்கிறேன். என்னுடைய சொல். ஒரு எழுத்து மாறவில்லை. எனக்கு அப்போது கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. மடைச்சி, மடைச்சி!

ஆசை வந்தது அதற்குப் பிறகுதான். அந்தக் காலத்தில் நான் வீட்டிலிருந்து தையல் வேலை செய்தேன். ஒரு வான்காரன் வெட்டின துணிகளைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவான், தைத்ததை எடுத்துக்கொண்டு போவான். நான் தைத்த சட்டையில் யாரோ ஒருவருடைய லேபல் இருக்கும். லண்டனில் என் வாயால் நானே சொல்லி, அதை நாலு பேர் கேட்டு, "ஓ, இவ சொன்னது சரி" என்று ஒரு விசயம் நடந்ததில்லை. எனக்கு ஒரு கதிரை வேண்டும் என்று தோன்றியது. அந்த ஹோலில், அந்த வட்டத்தில், என் முறை வரும்போது என் வாயால் ஒரு ஓட்டக்காரனின் பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வென்றாலும் சரி, தோற்றாலும் சரி.

அவரிடம் கேட்டேன். "நானும் ஒரு ரீம் வைச்சிருக்கட்டோ?"

சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். "ஆம்பிளையள் இருக்கிற இடம். அவங்கள் விடமாட்டாங்கள்."

"கேட்டுப் பாருங்கோவன்."

"ஓம், கேக்கிறன்."

இரண்டு கிழமை கழித்து வந்து சொன்னார்: "கேட்டனான். ஒருத்தருக்கும் விருப்பமில்லை. அண்ணையும் முகத்தைச் சுழிச்சவர். பொம்பிளையள் வந்து இருந்தால் பிறகு வாய்விட்டுக் கதைக்க ஏலாதாம். ஆராவது விலகினால் அப்ப பாப்பம் எண்டார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறு முட்ட நாங்கள் பொரித்த ரோல்சைத் தின்னலாம், பக்கத்தில் இருத்தத்தான் ஏலாதாம்! அண்ணையில் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கே பாதி போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முகத்தை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் "என்ன தங்கச்சி, சுகமோ?" என்று கேட்டால் "ம்" என்பேன். என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு இருப்பார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அடுத்த ஆள் எடுப்பு முடிந்து பருவம் தொடங்கின கையோடு எட்டுப் பேரில் ஒருத்தர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். கதிரை ஒன்று காலியானது.

"இப்ப கேளுங்கோ," என்றேன்.

"கதைச்சிட்டன். அநேகமாச் சரிவரும். அங்க போய்த்தான் முடிவு சொல்லுவினம்," என்றார் என் கணவர்.

அந்த வருசம் நான் பார்த்த பார்வை வேறு. அதுவரைக்கும் அவருக்காகப் பார்த்தேன். இப்போது எனக்காகப் பார்த்தேன். தையல் மெசினைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சீமானுக்கு வயசு போகிறதையும், தபால்காரனின் குதி தரையில் கொஞ்சம் பிந்தி இறங்குகிறதையும் கண்டேன். ஒருவனைக் கண்டுபிடித்தேன். ஒருவரும் கணக்கெடுக்காத சின்ன ஆள். பெரிய ஓட்டக்காரன் களைத்தால் ஒன்றிரண்டு முறை உள்ளே விடுவார்கள். வழி அடைபட்டால் மற்றவர்கள் அந்தரப்பட்டு முட்டிக்கொள்வார்கள். இவன் முன்னுக்கு நிற்கிறவனின் முதுகுக்குப் பின்னால் ஒரு கணம் அப்படியே பதுங்குவான். பிறகு ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தால் போதும், நுழைந்து போய்விடுவான். மூஞ்சூறு என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரை நான் என் கணவருக்குச் சொல்லவில்லை. ஞாயிறுகளில் அவர் வந்து கேட்கும்போது மற்ற எல்லாரையும் ஓடிக் காட்டினேன், அவர்களில் நான் கண்ட பிழைகளையும் மூஞ்சூறையும் மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன். என் கதிரையில் இருந்து நான் சொல்லப்போகிற முதல் பெயர் அதுதான்.

பாங்க் ஹொலிடே அன்று காலையிலேயே எழும்பித் தலைக்கு முழுகினேன். கலியாணத்துக்குப் பிறகு கட்டாத ஒரு பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினேன். மேனர் பார்க் ஸ்டேஷனில் நின்றபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, கலியாண வீட்டுக்கே போறீர்?" என்று பகிடி விட்டார். நான் சிரித்தேன்.

குட்மேய்ஸில் ஹோலுக்குள் போனதும் பார்த்தேன். எட்டாவது கதிரையில் ஒரு பெடியன் இருந்தான். அண்ணையின் தூரத்துச் சொந்தம், ஜெர்மனியில் இருந்து வந்து கொஞ்ச நாள்தான். பந்து நீளமா உருண்டையா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் கணவர் என் காதுக்குள், "பாத்தீரே, தங்கட ஆளைக் கொண்டுவந்து போட்டிட்டாங்கள். நான் என்ன செய்ய?" என்றார். தோளைத் தட்டிவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தார்.

நான் குசினிக்குள் போனேன். அக்கா மாக் கரைத்துக்கொண்டு நின்றா. நான் ரோல்சுக்கு உருளைக்கிழங்கு மசித்தேன். மசித்தேன் என்றால் சும்மா இல்லை, கோப்பை உடையாதது தெய்வச் செயல்.

"என்ன பிள்ளை, கிழங்கில என்ன கோபம்?" என்றா அக்கா.

எனக்கு வாய் திறந்துவிட்டது. "ஒரு பொம்பிளை அந்தக் கதிரையில இருந்தா உங்கட ஆக்களுக்கு என்ன குறைஞ்சு போகும் அக்கா? பந்தே தெரியாத பெடியனை இருத்துவினம். என்னை இருத்தமாட்டினமோ?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தா. "என்ன கதை கதைக்கிறீர்? எங்கட இவர் போன வருசமும் உமக்கு ஒரு கதிரை போடட்டோ எண்டு கேட்டவர். இந்த முறையும் அவை கனடாவுக்குப் போனவுடன முதல் வேலையா ஃபோன் எடுத்துக் கேட்டவர். நீர்தானே வேண்டாமெண்டனீர்?"

"நானோ?"

"உமக்கு விருப்பமில்லையாம், அந்தப் பந்தைக் கண்டாலே தலையிடியாம், புருசனுக்காகத்தான் பொறுத்துக்கொண்டு வாறீராம். உங்கட அவர் அப்பிடித்தான் சொன்னவர். எங்கட இவருக்கு மனவருத்தம். நான் இவருக்கு எப்பவோ சொன்னனான், அந்தப் பிள்ளைதான் ஆள் பாக்கிறது எண்டு. தண்ணி குடிக்க வாறவர் என்னத்துக்குக் குசுகுசுக்கிறார் எண்டு எனக்குத் தெரியாதோ? அதாலதானே உம்மைக் கேட்டது!"

மசிந்த கிழங்கு கையில் ஒட்டினபடியே நின்றேன். கதிரை போனது பெரிதில்லை. இந்த வீட்டில் என்னை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். ஆசைப்பட்ட எனக்குப் பதிலாக, ஆசையே இல்லாத ஒருத்தியை என் புருசன் இவர்களுக்குக் காட்டியிருக்கிறார். நான் இவர்களைத் திட்டிக்கொண்டு முகத்தை நீட்டினேன். இவர்கள் அதைப் பார்த்து, "ஓம், இவவுக்கு இது பிடிக்காதுதான்" என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் பேய்க்காட்டிவிட்டு நடுவில் இருந்து அவர் ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து, "தண்ணி ஒருக்கா," என்று கேட்டது.

அக்கா கண்ணால் எனக்கு ஒரு பார்வை காட்டிவிட்டுப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டா. நான் பைப்பைத் திறக்கவில்லை.

"எனக்கு விருப்பமில்லையெண்டு அண்ணைக்குச் சொன்னனீங்களோ?"

அவர் முகம் ஒரு கணம் மாறியது. மறுப்பார் என்று நினைத்தேன். ஒரு பொய்யாவது சொல்லட்டும் என்று மனம் தவித்தது. அவர் ஹோல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அதைப் பிறகு கதைப்பம். அங்க காத்துக்கொண்டிருக்கினம். நீர் ஒருத்தனை ஒளிச்சு வைச்சிருக்கிறீர், எனக்குத் தெரியும். அவன் ஆரெண்டு சொல்லும், கெதியா," என்றார்.

தெய்வமே! மன்னிப்பு இல்லை, வெட்கம் இல்லை. பெயர் வேண்டுமாம்.

நான் கையைக் கழுவினேன். ஆறிப்போன முதல் தட்டு ரோல்சைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி ஹோலுக்குள் போனேன். தட்டை மேசையில் வைத்தேன். திரும்பிப் போகவில்லை. சுவரோரம் இருந்த சின்ன முக்காலியை இழுத்து வட்டத்துக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன்.

"என்ன தங்கச்சி, இருந்து பாக்கப் போறீரோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை. எனக்கு இதில நல்ல விருப்பம். எப்பவும் விருப்பம்தான்."

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என் கணவரைப் பார்த்தார். அவர் குசினி வாசலில் வெறுங்கையோடு நின்றார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். புருசன் பெண்சாதிக்குள் ஒன்று வெடித்தால் எல்லாரும் ரோல்ஸ் தட்டைப் பார்ப்பார்கள்.

"இவவுக்கு இண்டைக்குத்தான் புது ஆசை ஒண்டு பிறந்திருக்கு," என்று சொல்லி என் கணவர் சிரித்தார். என் முகத்துக்கு முன்னாலேயே, வாய் கூசாமல்.

அண்ணை சிரிக்கவில்லை. "புரொபெசர், உங்கட முறை," என்றார்.

அவர் வந்து இருந்தார். கண்ணாடியைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். நேரம் போனது. ஜெர்மனிப் பெடியன் கூட என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவர் "தபால்காரன்" என்றார். அந்தக் குதி பிந்தி இறங்குவது அவருக்குத் தெரியாது. அவர் அதைப் பார்த்ததில்லை. இரண்டாம் முறை வந்தபோதும் என்னைப் பார்த்தார். நான் என் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். "சீமான்" என்றார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூஞ்சூறை அன்றைக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

எழும்பிப் போகும்போது அண்ணை வாசல் வரைக்கும் வந்தார். "தங்கச்சி, எனக்குத் தெரியாமல் போச்சு. பெடியனை இருத்தியாச்சு, இனி எழுப்ப ஏலாது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு வருசத்துக்கு மேலாக நான் திட்டின மனுசன். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. "பரவாயில்லை அண்ணை," என்று மட்டும் சொன்னேன்.

ரெயினில் கூட்டமில்லை. எதிரும் புதிருமாக இருந்தோம். செவன் கிங்ஸ் தாண்டியது. பிறகு சொன்னார்: "அத்தனை பேருக்கு முன்னால என்னைக் கைவிட்டிட்டீர்."

கேட்டீர்களா? நான் கைவிட்டேனாம்.

எனக்கு வந்த கொதியில் அந்த வண்டியையே கவிழ்த்திருப்பேன். கத்தவில்லை. "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். "அவை கேட்டவை எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். இல்ஃபர்டில் கதவு திறந்து மூடியது.

"செட்டில என்னை என்னெண்டு கூப்பிடுறாங்கள் தெரியுமோ?" என்றார். "கண்ணாடியில தட்டி, ஏய் எண்டுவாங்கள். இவ்வளவு வருசத்தில ஒருத்தன் என்ர பெயரைக் கேட்டதில்லை. அந்த ஹோலில மட்டும்தான் நான் புரொபெசர். நீர் வந்து அதில இருந்தால், பிறகு என்னை ஆர் கேப்பாங்கள்?"

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் அவர் இருக்கிற இருப்பை நான் கண்டிருக்கிறேன். சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், ஒரு வெள்ளைக்காரப் பெடியன் சில்லறையைத் தட்டில் போடாமல் எறிந்ததையும், இவர் குனிந்து பொறுக்கினதையும் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, அவர் காணாதபடி திரும்பி நடந்தவள் நான். நெஞ்சு உருகிவிட்டது. அந்தக் கோபத்திலும் உருகிவிட்டது, என்ன செய்ய?

"இதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே," என்றேன். "உள்ளதைச் சொல்லியிருந்தால் நானே அந்தக் கதிரை வேண்டாமெண்டு இருந்திருப்பன். சந்தோசமா விட்டிருப்பன்."

"தெரியும்," என்றார்.

மேனர் பார்க் வந்தது. இறங்கினோம். தெரியாமல் செய்தார் என்றால் எனக்கு எப்போதோ ஆறியிருக்கும். கேட்டால் கொடுப்பேன் என்று தெரிந்துகொண்டே, என்னிடம் கேட்பதைவிடப் பொய் சொல்வது லேசு என்று அந்த மனுசன் நினைத்திருக்கிறார்.